தையலைப் பிரிக்கச் சொல்

பிப்ரவரி 9

குண்டூசிக்கு,

நாலு வருஷமாக உனக்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. நீ அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்த அன்று, "குண்டு செய்யற கையால எனக்கு ஒண்ணும் எழுதாதே" என்று வாசலில் நின்று கத்தியது நான்தான். இன்றைக்கு நானே எழுதுகிறேன். வெட்கமாக இருக்கிறது. ஆனால் வெட்கப்படக்கூட இப்போது நேரமில்லை.

முந்தாநாள் காலையில் எங்கள் தக்காளித் தோட்டத்தில் ராணுவ விமானம் ஒன்று விழுந்தது. நான் செடிகளுக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தேன். வானத்தில் என்னவோ கிழிகிற மாதிரி சத்தம். நிமிர்ந்தால் இறக்கை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். பம்பு அறைக்குப் பின்னால் ஆள் நீளத்துக்கு ஓர் உருளை வந்து விழுந்து வெடித்தது. ரொம்பப் பெரிய வெடி இல்லை, கல் உடைக்கிற இடத்தில் வைப்பார்களே, அந்த மாதிரி. அப்புறம் ஒரு மணி நேரம் புகை.

அந்தப் புகைக்குள் ஒரு விமானி பாராசூட் கயிற்றில் சிக்கிக் கிடந்தான். உன் அத்தானைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, நான் "போகாதீங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் வேலியைத் தாண்டியிருந்தார். விமானியை இழுத்து வந்துவிட்டார். ஆனால் ஒரு தகடு அவருடைய வலது முன்கையைக் கிழித்துவிட்டது. கரி அப்பிய ரத்தம்.

சாயங்காலம் சிப்பாய்கள் வந்தார்கள். எல்லோர் முகத்திலும் மூடி. எங்களை அப்படியே லாரியில் ஏற்றி இந்தப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். போட்டிருந்த துணியையெல்லாம் வாங்கிக்கொண்டு வேறு துணி கொடுத்தார்கள். வாண்டு தன் பொம்மையைக் கேட்டு இன்னும் அழுகிறாள், அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். அதிகாரியைக் கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, எண்ணெய் எரிஞ்சிருக்கு, அவ்வளவுதான்" என்கிறார், அந்த மூடியைக் கழற்றாமலே.

எண்ணெய் எரிந்ததற்கு என் மகளுடைய பொம்மையை எதற்கு டின்னில் போட்டு மூடுகிறார்கள்? உனக்குத் தெரியும். நீ அந்தச் சாமானோடு புழங்குகிறவள். அது என்ன, எங்களை என்ன செய்யும், சொல்.

இங்கே தபாலை நிறுத்திவிட்டார்கள். ரொட்டி வண்டிக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன். பதிலை அவருடைய ரொட்டிக்கடை விலாசத்துக்குப் போடு.

அக்கா

*

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

நீ கேட்டதற்கு நான் பதில் எழுதக் கூடாது. வேலைக்குச் சேரும்போது சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். எங்கள் குடியிருப்புக்கு வருகிற, போகிற கடிதங்களை யாராவது படிப்பதும் உண்டு.

அதிகாரிகள் சொல்வதைக் கேள். தோட்டத்துப் பக்கம் போகாதே. அங்கே பறித்த எதையும் சாப்பிடாதீர்கள். அடிக்கடி கை கழுவுங்கள், நகத்தை ஒட்ட வெட்டிவிடு. வாண்டை வெளியே மண்ணில் விளையாட விடாதே.

அத்தானுடைய காயம் எவ்வளவு ஆழம்? அதை எப்படிக் கழுவினார்கள், யார் கட்டுப் போட்டார்கள்? இதை மட்டும் உடனே எழுது.

நீ பயப்படாதே என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். இந்த வரிக்கு மேலே மையால் அடித்திருப்பது அதுதான், மன்னித்துக்கொள்.

உன் தங்கை

*

பிப்ரவரி 13

குண்டூசி,

உன் கடிதம் கிடைத்தது. வீடு பற்றி எரிகிறது, என்ன செய்ய என்று கேட்டால், நகத்தை வெட்டு என்கிறாய். நகம் வெட்டச் சொல்ல எனக்கு நீ வேண்டாம். அதை அந்த மூடி போட்ட அதிகாரியே சொல்லிவிட்டார்.

சத்தியமாம். நீ மூன்று வயதில் விஷக்காய்ச்சலில் கிடந்தபோது என் மடியைவிட்டு இறங்கவே இல்லை. நான் அப்போது ஏதும் சத்தியம் பண்ணிக்கொடுத்துவிட்டு உன்னைத் தூக்கவில்லை.

சரி. நீ கேட்டதைச் சொல்கிறேன். காயம் மணிக்கட்டுக்கு மேலே தொடங்கி விரல் நீளத்துக்கு இருக்கிறது. ராணுவ மருத்துவர் தண்ணீரில் கழுவி, தையல் போட்டு மூடிவிட்டார். "ஒரு வாரத்துல ஆறிடும்" என்றார். நேற்றுக் கட்டு மாற்றும்போது ஒரு சிப்பாய் கையில் ஒரு பெட்டியோடு வந்தான். அதில் ஒரு தட்டையான கைப்பிடி. அதை வாண்டுக்குக் காட்டினான், சும்மா இருந்தது. எனக்குக் காட்டினான், சும்மா இருந்தது. அவருடைய தையலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி படபடவென்று பொரிந்தது. உன் அத்தான் சிரித்துக்கொண்டே, "பாருடி, என் கையில ரேடியோ பாடுது" என்றார். சிப்பாய் சிரிக்கவில்லை. மருத்துவரைப் பார்த்தான். மருத்துவர் எட்டி அந்தப் பெட்டியை அணைத்தார். அணைத்துவிட்டு, "மெஷின் ரிப்பேர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதிலிருந்து உன் அத்தான் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். இரண்டு தரம் என்னிடம், "வாண்டை என் பக்கத்துல விடாதே" என்றார்.

எங்கள் பக்கத்து வீட்டுத் தையல்காரியும் கைக்குழந்தையோடு இங்கேதான் இருக்கிறாள். புகை நேராக அவர்கள் வீட்டு மேல்தான் போனது. குழந்தைக்கு ஏதாவது ஆகுமா என்று என்னைக் கேட்கிறாள். எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், பெரிய படிப்பு, அவள் சொல்வாள் என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன். உன் நகம் வெட்டுகிற கடிதத்தை அவளிடம் காட்டவில்லை.

இதற்கும் இப்படித்தான் எழுதுவாய் என்றால் எழுதாதே.

அக்கா

*

பிப்ரவரி 14

அக்கா,

தையலைப் பிரிக்கச் சொல். மற்றதையெல்லாம் அப்புறம் படி. இதைப் பார்த்த உடனே எழுந்து போய்த் தையலைப் பிரிக்கச் சொல். காயத்தைச் சுற்றியிருக்கிற சதையை வெட்டி எடுக்க வேண்டும். கதிரைக் கண்டால் பொரிகிற அந்தப் பெட்டி சத்தம் போடுவதை நிறுத்துகிற வரைக்கும் எடுக்க வேண்டும். ஊசி மருந்து ஒன்று இருக்கிறது. டி.டி.பி.ஏ. என்று நாலு எழுத்து, மனப்பாடம் செய்துகொள். இல்லை என்பார்கள். இருக்கிறது. இந்த மாதிரி விபத்துக்குக் கிளம்புகிற ராணுவ மருத்துவ வண்டியில் அது இல்லாமல் இருக்காது.

ஏன் என்று நீ கேட்பாய். சொல்கிறேன். யாருக்கும் சொல்லக் கூடாததை உனக்குச் சொல்வதில் எனக்கு இப்போது ஒரு தயக்கமும் இல்லை. நேற்று முழுக்க இருந்தது, உன் கடிதம் வருகிறவரை.

நாங்கள் புழங்குவது இரண்டு உலோகம். ஒன்று யுரேனியம். பூமியிலிருந்து தோண்டுவது. ஆனால் தோண்டியதில் குண்டுக்கு உதவுகிற ரகம் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. அதைப் பிரித்துச் சேர்க்கவே ஊர் அளவு ஆலை வேண்டும். இன்னொன்று புளூட்டோனியம். இது தோண்டினால் கிடைக்காது. அணு உலைக்குள் யுரேனியத்தை மாதக்கணக்கில் வைத்து மனிதர்கள் உண்டாக்குவது. என் வேலை இதில்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் கனத்த கையுறை வழியாகக் கையை விட்டு, வார்த்தெடுத்ததில் ஒரு பொடி சீவி, சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். கையில் பிடித்தால் இளஞ்சூடாக இருக்கும், அக்கா. கோழி அடைகாத்த முட்டை மாதிரி. முதல் நாள் அந்தச் சூடு எனக்குப் பிடித்திருந்தது. இதையும் நீ தெரிந்துகொள்.

குண்டிலும் இரண்டு ரகம். முதல் ரகத்தில் இந்த உலோகத்தின் அணுக்கள் பிளக்கின்றன. ஓர் ஊரை இல்லாமல் ஆக்க அதுவே போதும். இரண்டாவது ரகம் ஹைட்ரஜன் குண்டு. அதில் அணுக்கள் ஒன்றோடொன்று சேர்கின்றன. சேர்வதற்குச் சூரியனுக்குள் இருக்கிற சூடு வேண்டும். அந்தச் சூட்டுக்காக முதல் ரகக் குண்டு ஒன்றை அதற்குள்ளேயே வைக்கிறோம், அடுப்பு பற்றவைக்கத் தீக்குச்சி மாதிரி. ஊரை அழிக்கிறது வெறும் தீக்குச்சி. அடுப்பு எப்படியிருக்கும் என்று நீயே நினைத்துக்கொள். உன் தோட்டத்தில் விழுந்தது அந்த இரண்டாவது ரகம்.

அது ஏன் உங்களை அன்றைக்கே கொல்லவில்லை என்றால், உள்ளே இருக்கிற உலோகத்தைச் சுற்றிச் சாதாரண வெடிமருந்து இருக்கும். அது எல்லாப் பக்கமும் ஒரே கணத்தில் வெடித்து உலோகத்தை நசுக்கினால்தான் குண்டு குண்டாக வேலை செய்யும். விழுந்த அடியில் ஒரு பக்கம் மட்டும் வெடித்திருக்கிறது. அதனால்தான் நீ எனக்குத் திட்டிக் கடிதம் எழுத முடிகிறது. ஆனால் நடுவிலிருந்த புளூட்டோனியம் பற்றி எரிந்து தூளாகிப் புகையோடு போயிருக்கிறது. அவர்கள் டின்னில் போட்டு மூடுவது அந்தத் தூளை.

அதன் கதிர் ஒரு காகிதத்தைக்கூடத் தாண்டாது. மேலே பட்டால் கழுவிவிடலாம். வயிற்றுக்குள் போனாலும் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். மூச்சில் போனால், காயத்தில் போனால், அது குடிவந்துவிடும். எலும்பிலும் ஈரலிலும் இடம் பிடித்துக்கொண்டு ஆயுசுக்கும் காலி செய்யாது. பத்து வருஷமோ இருபது வருஷமோ கழித்துப் புற்றாக முளைக்கும். அந்த மருந்து ரத்தத்தில் அலைகிறதைப் பிடித்துச் சிறுநீரோடு வெளியே தள்ளும். எலும்பில் உட்காருவதற்கு முன்னால் கொடுக்க வேண்டும். முதல் நாளே கொடுத்திருக்க வேண்டும். எங்கள் பிரிவில் மெல்லப்பேசி என்று நாங்கள் கூப்பிடுகிற ஒருவர் உண்டு. கையுறை கிழிந்து அவருக்கு விரல் நுனியில் ஒரு கீறல்தான் பட்டது. அரை மணி நேரத்தில் சதையைச் சுரண்டி ஊசி போட்டார்கள். அத்தானுக்கு ஒரு விரல் நீளக் காயத்தைத் தூளோடு வைத்துத் தைத்திருக்கிறார்கள்! மருந்து கொடுத்தால் குண்டு உடைந்தது என்று ஒப்புக்கொண்டதாகும். அதனால்தான்.

நுரையீரலுக்குள் போன தூளை இந்த மருந்து அவ்வளவாக எடுக்காது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் யாருக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று சோதிக்க முடியும். தையல்காரியின் குழந்தை, மற்றவர்கள், எல்லோருக்கும் சிறுநீரைச் சோதிக்கச் சொல். மறுபடி அந்த மண்ணைக் கிளறி யாரும் மூச்சில் இழுக்காமல் பார்த்துக்கொள்.

இதை நானே வெளியூர்த் தபால் பெட்டியில் போட்டுவிடுகிறேன், நடுவில் யாரும் படிக்க மாட்டார்கள். யார் சொன்னது என்று கேட்பார்கள். என் பெயரைச் சொல்லிவிடு. தயங்காதே.

குண்டூசி

*

பிப்ரவரி 17

குண்டூசி,

நீ எழுதியதை ஒரு தரம்தான் படித்தேன். ரொட்டி வண்டிக்காரர் கூடையை இறக்கி முடிக்கவில்லை, அதற்குள் நான் மைதானத்தில் இருக்கிற மருத்துவக் கூடாரத்தில் நின்றேன்.

"இவரோட தையலைப் பிரிங்க" என்றேன்.

மருத்துவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "நல்லா ஆறிட்டு வருது. போய் உக்காரும்மா."

"சதையை வெட்டி எடுங்க. டி.டி.பி.ஏ. ஊசி போடுங்க. வண்டியில இருக்குல்ல?"

பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கு நம்மைவிட வயது குறைவுதான் இருக்கும்.

"இந்தப் பேரை உங்களுக்கு யார் சொன்னா?"

"யார் சொன்னா என்ன? இருக்கா, இல்லையா?"

"அம்மா, நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க."

"நீங்க முதல்ல நான் கேட்டதுக்குச் சொல்லுங்க. ஒரு வாரமா எங்களை முட்டாளாக்கிட்டு இருக்கீங்களே, நல்லாயிருக்கா?"

அவர் வெளியே போய் அந்த மூடி அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதிகாரி மிரட்டினார். இது தேசத் துரோகம், உள்ளே தள்ளிவிடுவேன் என்றார். ஆனாலும் வாயை அடக்க முடியவில்லை. கூடாரத்து வாசலில் நின்றுகொண்டு, அந்த நாலு எழுத்தையும் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். ஏலம் போடுகிறவள் மாதிரி. ஜன்னல் ஜன்னலாக ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அந்த மருத்துவர் என்ன நினைத்தாரோ, அதிகாரியைத் தாண்டி வந்து, "கத்தாதீங்க. கூட்டிட்டு வாங்க அவரை" என்றார்.

சாயங்காலம் ஹெலிகாப்டரில் கொண்டுபோய்விட்டார்கள். என்னை ஏற்றவில்லை. எந்த ஊர் ஆஸ்பத்திரி என்றும் சொல்லவில்லை. நேற்று ஒரு செய்தி மட்டும் வந்தது. முழங்கை வரை சதையை எடுத்தும் அந்தப் பெட்டி பொரிந்துகொண்டே இருந்ததாம். அதனால் முழங்கைக்குக் கீழே கையையே எடுத்துவிட்டார்களாம். ஊசி தினமும் போடுகிறார்களாம்.

நான் அழவில்லை. அழுதால் வாண்டு பயப்படுவாள். அப்பா எங்கே என்கிறாள். ஆகாயத்தில் பறந்து போயிருக்கிறார் என்றேன். அவளுக்கு அது ரொம்பச் சந்தோஷமாகப் போய்விட்டது, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

உன் பெயரை நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். நீயும் வாயைத் திறக்காதே. உனக்குக் கோடிப் புண்ணியம், சும்மா இரு.

அக்கா

*

பிப்ரவரி 20

அக்கா,

சும்மா இருக்க முடியவில்லை.

அந்த மருந்தின் பெயர் வெளியே போனது எப்படி என்று எங்கள் பிரிவு முழுவதையும் உட்காரவைத்து விசாரித்தார்கள். மெல்லப்பேசிக்கு அந்த ஊசி போட்டது எல்லோருக்கும் தெரியும். அதனால் அவர்தான் சொல்லியிருப்பார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவர் பயத்தில் எழுந்து நின்று, "நான் இல்ல, நான் இல்ல" என்கிறார். குரலே வெளியே வரவில்லை. அவருடைய மனைவி நிறைமாதம்.

நான் எழுந்து, "என் அக்காவோட தோட்டம் அது" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை, அதற்குமேல் தேவைப்படவும் இல்லை.

காலையில் வந்து அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். என் அறைக்கு வெளியே ஒருவர் நிற்கிறார். ரொட்டிக்கடை விலாசம் எழுதிய உறையை மெல்லப்பேசியின் மனைவி வந்து வாங்கிப்போகிறேன் என்றிருக்கிறாள்.

பயமாக இருக்கிறது, அக்கா. ரொம்பப் பயமாக இருக்கிறது. அத்தானுடைய கையை நினைத்தால் எனக்கு இந்த அறைக்குள் நிற்க முடியவில்லை. நான் சீவிப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்ட உலோகமாகக்கூட அது இருக்கலாம்.

அத்தானிடம் என்ன சொல்வாயோ, நீயே சொல்.

குண்டூசி

*

மார்ச் 6

குண்டூசிக்கு,

சிறையில் இதைப் பிரித்துப் படிக்கிற ஐயாவுக்கு வணக்கம். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, ஊருக்கே தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். தயவுசெய்து கறுப்பு மையால் ஏதும் அடிக்க வேண்டாம். என் தங்கை அடித்ததையும் விடாமல் படிக்கிற ஜாதி.

உன் அத்தான் வந்துவிட்டார். மெலிந்திருக்கிறார். வாண்டு முதலில் சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்து, "மீதி எங்கே?" என்றாள். அவர், "அங்கயே மறந்து வெச்சுட்டு வந்துட்டேன்" என்றார். ராத்திரிச் சாப்பாட்டின்போது என்னிடம், "தக்காளி பறிக்க ஒரு கை போதும், தோட்டம்தான் வேணும்" என்றார். தோட்டம் இல்லை. மேல்மண்ணையெல்லாம் சுரண்டி டின் டின்னாக அடைத்து லாரியில் ஏற்றுகிறார்கள். நானும் அவரும் கல் பொறுக்கிப் பொறுக்கிப் பண்படுத்திய மண். எங்கே கொண்டுபோய்ப் புதைப்பார்களோ.

உன்னைப் பற்றிச் சொன்னேன். அவர், "அவ சொல்லலைன்னா நான் இன்னும் சுவரைப் பாத்துட்டு இருந்திருப்பேன்" என்றார்.

இனிமேல் சொல்வதை உட்கார்ந்து படி. போன வாரம் ஓர் அதிகாரி வந்தார். இவர் மூடி போடாதவர், நாற்காலியில் உட்கார்ந்து என் பெயரையெல்லாம் மரியாதையாகச் சொல்லிப் பேசினார். எனக்காகவே ஒரு காகிதம் கொண்டுவந்திருந்தார். தோட்டத்தில் எரிந்தது எண்ணெய் மட்டும்தான், என் புருஷனுடைய கை தகடு வெட்டிப் புண் அழுகியதால் போனது, எந்த மருந்தின் பெயரையும் எனக்கு யாரும் சொல்லவில்லை என்று அதில் இருந்தது.

"நீங்க ஒரு கையெழுத்து போட்டா உங்க தங்கச்சி மேல வழக்கே இல்ல. ஒண்ணுமே நடக்கலைன்னா ரகசியம் எப்படி வெளிய போகும்? அடுத்த நாளே விட்டுடுவாங்க" என்றார்.

நான் பேனாவை வாங்கிவிட்டேன், குண்டூசி. மறைக்க மாட்டேன். உன் அத்தானும், "போட்டுடு. அவ வரட்டும்" என்றார். முதல் எழுத்தைப் போடப் போகும்போது தையல்காரி குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு இந்தக் காகிதம் பற்றித் தெரியாது. "அக்கா, நம்ம குழந்தைகளுக்கும் சோதனை பண்ணச் சொல்லிக் கேட்டீங்களே, எப்போ பண்ணுவாங்களாம்?" என்றாள். குழந்தை அவள் தோளில் இருமிக்கொண்டிருந்தது. வெறும் சளியாகக்கூட இருக்கலாம். எண்ணெய் மட்டும்தான் எரிந்தது என்று நான் எழுதிக்கொடுத்துவிட்டால், அது சளியா வேறெதுவுமா என்று இந்த ஜென்மத்தில் ஒருவரும் பார்க்கப் போவதில்லை.

பேனாவை அந்த அதிகாரியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் போன பிறகு உன் அத்தான் என்னைப் பார்த்துக் கத்தினார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "கூடப் பிறந்தவளை உள்ள தள்ளிட்டியே" என்றார். ஆமாம், தள்ளிவிட்டேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை, தெரிந்தேதான் செய்தேன்.

மறுநாள் நாங்கள் எல்லோரும் போய் மண் லாரிகளுக்கு முன்னால் ரோட்டில் உட்கார்ந்தோம். தையல்காரி, ரொட்டி வண்டிக்காரர், பள்ளிக்கூடத்தில் இருந்த அத்தனை குடும்பமும். டின்கள் நகரவேண்டுமானால் எங்களைச் சோதியுங்கள் என்றோம். துப்பாக்கியைக் காட்டினார்கள். சில பேர் எழுந்து ஓடினார்கள், அவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் அந்த இளம் மருத்துவர் கூடாரத்துக்கு வெளியே மேசையைத் தூக்கிப் போட்டார். யாரிடம் உத்தரவு வாங்கினார், வாங்கினாரா என்றே எனக்குத் தெரியாது. முதலில் தையல்காரியின் குழந்தையைக் கூப்பிட்டார். முடிவு வர மாதக்கணக்கு ஆகுமாம். நல்ல முடிவாக வருமா என்று யாருக்கும் தெரியாது. என் முடிவும் வாண்டுவின் முடிவும்கூட இன்னும் தெரியாது.

உனக்கு எத்தனை வருஷம் போடுவார்கள் என்று கேட்டேன். சொல்ல மறுக்கிறார்கள். வழக்கு திங்கட்கிழமை. ரத்த உறவு ஒருவர் மட்டும் உள்ளே உட்காரலாமாம். நான் வருகிறேன். நான் செய்ததை அறிந்த பிறகு உனக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் போகலாம். உன்னை முன்னால் நிற்கவைப்பார்கள், நான் உன் முதுகுக்குப் பின்னால்தான் இருப்பேன். ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்.

அக்கா